விரல் நுனியும் குறியீட்டெண்ணும்: தொழிற்கூடக் கைக்காயங்களுக்கான அறுவைச் சிகிச்சையைப் பெயரிட்ட வரலாறு (1923–2022)
– திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து –

ஆய்வுச்சுருக்கம்

தொழிற்கூட விபத்தில் விரல் இழந்த தொழிலாளிக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை இரண்டு இடங்களில் எண்ணாக மாறுகிறது. ஒன்று, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை. மற்றொன்று, 2009க்குப் பின் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் சிகிச்சைத் தொகுப்புப் பட்டியல். இவ்விரு எண்முறைகளும் வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுந்தவை. வெவ்வேறு கேள்விகளைக் கேட்பவை. இவை ஒரே அறுவைக் குறிப்பிலிருந்து பிறந்தும் ஒன்றோடொன்று பேசாமல் நிற்பதன் வரலாற்றுக் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறுவைச் சிகிச்சைக் குறியீடு, இழப்பீட்டு அட்டவணை, கைக்காயம், ஸ்டான்லி மருத்துவமனை, காப்பீட்டுத் தொகுப்பு, கும்மிடிப்பூண்டி.

முன்னுரை

1997இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருவள்ளூர் மாவட்டம், ஏரிப்பாசன வேளாண்மையும் கனரகத் தொழிலும் அருகருகே அமைந்த நிலப்பரப்பாகும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்களும் வார்ப்படக் கூடங்களும் நிறைந்துள்ளன. காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் அம்பத்தூரிலும் வாகன உதிரிப்பாகங்களைத் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் பவர் பிரஸ் பட்டறைகள் மிகுதி. உலையடியில் தீக்காயமும், உருளையடியில் நசிவும், பிரஸ்ஸடியில் விரல் துண்டிப்பும் இத்தொழில்களோடு பிறந்த காயங்கள். பணியாளர்களுள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் கணிசமானோர்.

தமிழில் மருத்துவ வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் சித்த மருத்துவச் சுவடிகளையும் காலனிய மருத்துவமனைகளின் தோற்றத்தையும் கொள்ளைநோய்களையும் பொருளாகக் கொண்டுள்ளன. மருத்துவமனையின் பதிவேட்டில் ஓர் அறுவை எவ்வாறு பெயரிடப்படுகிறது, அப்பெயர் எவ்வாறு எண்ணாகிறது, அந்த எண் யாருக்குப் பணமாகிறது என்னும் கேள்விகள் நம் ஆய்வுப்புலத்தில் அதிகம் எழுப்பப்பட்டதில்லை. எழுத்தர் வேலையெனக் கருதி ஒதுக்கப்பட்டதே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் ஒரு தொழிலாளியின் வாழ்நாள் வருவாய் இந்த எழுத்தர் வேலையில்தான் தங்கியுள்ளது.

உடலைப் பட்டியலிட்ட சட்டம்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் அட்டவணை, நிரந்தரப் பகுதி ஊனத்தை விளைவிக்கும் காயங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் 'ஈட்டுந்திறன் இழப்பு' இத்தனை விழுக்காடு என்று வகுத்தது. அக்காலப் பட்டியல் சிறியது. வலக்கையை முழங்கையிலோ அதற்கு மேலோ இழந்தால் 70, இடக்கையாயின் 60, கட்டைவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, சுட்டுவிரல் அல்லாத வேறெந்த விரலுக்கும் 5 என அது அமைந்தது. நடுவிரலையும் சிறுவிரலையும் அது வேறுபடுத்தவில்லை.

பின்வந்த திருத்தங்களில் அட்டவணை விரிந்து, இரண்டாம் பகுதியில் ஏறத்தாழ ஐம்பது இனங்களைக் கொண்டதாயிற்று. வலம், இடம் என்னும் வேறுபாடு நீங்கியது. கட்டைவிரல் முழுமைக்கும் 30 விழுக்காடு. சுட்டுவிரல் முழுமைக்கு 14, இரண்டு விரலெலும்புகளுக்கு 11, ஓர் எலும்புக்கு 9, எலும்பு இழப்பின்றி நுனி மட்டும் நறுக்குண்டால் 5. நடுவிரலுக்கு இவை முறையே 12, 9, 7, 4. மோதிர விரலுக்கும் சிறுவிரலுக்கும் 7, 6, 5, 2. நுனி நறுக்குண்டதைக் குறிக்கச் சட்டம் கையாளும் சொல் 'கில்லட்டின்' என்பது. தலையை வெட்டும் பொறியின் பெயர் விரல் நுனிக்கு வந்து சேர்ந்ததை எண்ணி வியக்கலாம். எனினும் பவர் பிரஸ் செய்வது ஏறத்தாழ அதே வேலைதான்.

இவ்வெண்கள் இந்தியத் தொழிற்கூடங்களில் அளந்தறியப்பட்டவை அல்ல. பிரித்தானியத் தொழிற்காயக் காப்பீட்டு விதிகளில் உள்ள பட்டியலோடு விரல்களுக்கான எண்கள் அப்படியே ஒத்துப்போகின்றன. கை துண்டிக்கப்பட்ட அடிக்கட்டையின் நீளத்தைக் கூறுமிடத்து நம் சட்டம் 20.32 செ.மீ. என்கிறது. இரண்டு தசம இடங்கள் வரை ஏன் இத்துணை நுட்பம் என்று மருத்துவர் மயங்கலாம். எட்டு அங்குலத்தைச் செண்டிமீட்டராக மாற்றியதன் விளைவே அது. பிரித்தானிய விதியில் இவ்வெண்கள் உடல் ஊனத்தின் அளவைக் குறிப்பன. இந்தியச் சட்டத்திலோ அதே எண்கள் ஈட்டுந்திறன் இழப்பைக் குறிக்கின்றன. உடலின் அளவும் வருவாயின் அளவும் ஒன்றல்ல. அலுவலக எழுத்தர் சுட்டுவிரல் நுனியை இழப்பதும், வெர்னியர் அளவுகோல் பிடித்துப் பாகங்களைச் சோதிக்கும் தொழிலாளி இழப்பதும் வருவாயில் ஒரே விளைவைத் தரா. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இடக்கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், அட்டவணை விழுக்காட்டைக் கடந்து நூறு விழுக்காடு இழப்பு என்னும் ஆணையரின் முடிவை ஏற்றமை இந்த இடைவெளியை உணர்ந்ததன் அடையாளம் எனலாம்.

1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் இதே விழுக்காடுகளை மேற்கொண்டது. அச்சட்டத்தின்கீழ் வருவோர்க்கு இழப்பீடு ஒரே தொகையாகக் கிடைப்பதில்லை, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழு வரையறுக்கும் விழுக்காட்டிற்கேற்ப வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வழங்கப்படுகிறது. சுருங்கச் சொன்னால், 1923க்குப் பின் தமிழகத் தொழிலாளியின் விரலுக்கு ஒரு குறியீட்டு முறை இருந்தே வந்துள்ளது. இழந்தது எது என்பதையே அது பதிவு செய்தது. அறுவை மேசையில் மருத்துவர் என்ன செய்தார் என்று அது கேட்டதில்லை.

கஞ்சித்தொட்டியும் கைகளும்

கும்மிடிப்பூண்டியில் கை நசுங்கியவரை ஏற்றிக்கொண்டு புறப்படும் வண்டி ஏறத்தாழ 45 கி.மீ. தெற்கே வந்து, பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனையில் நிற்பது நெடுநாள் வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் பஞ்சக் காலக் கஞ்சித்தொட்டியிலிருந்து வளர்ந்தது இம்மருத்துவமனை. 1938இல் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. மூத்தோர் பலரும் இன்றளவும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே கூறுவர். துறைமுகம், அச்சகங்கள், ரயில்வே பணிமனைகள், மணலியின் எண்ணெய் ஆலைகள் ஆகியவற்றின் நடுவே அமைந்தமையால் கைக்காயங்கள் இங்குக் குவிந்தன. 1970களின் தொடக்கத்தில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி இங்கு உருவாக்கிய கை அறுவைப் பிரிவு, பின்னாளில் கை ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிறுவனமாக வளர்ந்தது.

நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு கண்டுபிடிப்பு இப்பிரிவிலிருந்தே வந்தது. 1980இல் வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை இதழொன்றில் 'சாய்முக்கோண மடல்' என்னும் முறையை வெளியிட்டனர். விரல் நுனி நேர்க்கோட்டில் வெட்டுப்படுவது அரிது. பெரும்பாலும் சாய்வாகவே வெட்டுண்டு எலும்பு வெளித்தெரியும். அந்நிலையில் எளிய வழி, எலும்பைச் சிறிது நறுக்கிக் குறைத்து, எஞ்சிய தோலை இழுத்துத் தைத்துவிடுவது. இதனால் விரல் குறுகும். சாய்முக்கோண முறையில், நீளமாக எஞ்சியுள்ள பக்கத்திலிருந்து இரத்தக்குழாயும் நரம்பும் இணைந்தே வரும்படி முக்கோண வடிவில் தோலை விடுவித்து, நுனிக்கு முன்தள்ளி எலும்பை மூடுவர். நீளமும் காக்கப்படுகிறது, உணர்வும் எஞ்சுகிறது. இன்று உலகெங்கும் கை அறுவை நூல்களில் இம்முறை வெங்கடசாமி மடல் என்னும் பெயரால் வழங்குகிறது.

இனி, இம்மடலையும் 1923 அட்டவணையையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும். சுட்டுவிரல் நுனி வெட்டுண்டு வந்த ஒருவருக்கு எலும்பை நறுக்கித் தைத்தால் எலும்பு இழப்பு உண்டு. மடல் வைத்துக் காத்தால் பல வேளைகளில் எலும்பு இழப்பில்லை. முன்னது 9 விழுக்காட்டை நோக்கிச் செல்லும் வழக்கு; பின்னது 5 விழுக்காட்டில் நிற்பது. முப்பது வயதான, மாத ஊதியம் 15,000 ரூபாய் பெறும் ஒருவரைக் கொள்வோம். சட்டத்தின் நான்காம் அட்டவணையில் அவ்வயதுக்குரிய காரணி 207.98. ஊதியத்தின் 60 விழுக்காடாகிய 9,000 ரூபாயை இதனால் பெருக்க 18,71,820 ரூபாய் வரும். இதில் 9 விழுக்காடு 1,68,463 ரூபாய். 5 விழுக்காடு 93,591 ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ 75,000 ரூபாய். நுட்பமான அறுவை செய்து கொண்டவர் குறைந்த இழப்பீட்டைப் பெறுகிறார். விரல் நீளமாக எஞ்சியிருப்பது உண்மையான ஆதாயமே என்பதால் இதை அநீதி என்று உடனே கூறிவிட முடியாது. எனினும் நுனியில் நிலைத்துவிட்ட குளிர் வலியும் மரத்த உணர்வும் அட்டவணையில் இடம்பெறா.

சிக்கல் இத்தோடு முடியவில்லை. எலும்பின் நுனி மட்டும் சிறிது போய், எஞ்சிய எலும்பு நிலைத்திருக்கும் நிலையைச் சட்டம் எவ்விடத்தில் வைக்கிறது? 'ஓர் எலும்பு இழப்பு' என்பதும் 'எலும்பு இழப்பின்றி' என்பதும் இரு விளிம்புகள். நடைமுறையில் வரும் காயங்கள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. அப்போது அறுவைக் குறிப்பில் மருத்துவர் எழுதிய ஒரு சொற்றொடரே சான்றாகிறது. எலும்பைப் பொறி வெட்டியதா, மருத்துவர் நறுக்கினாரா என்பது பல குறிப்புகளில் தெளிவாக இராது.

அறுவைக்குப் பெயரிட்ட உலக முறைகள்

நோய்க்கும் மரணத்துக்கும் குறியீடிட்ட வரலாறு பழமையானது. பாரிசின் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டிலான் 1893இல் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலே இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் வேர். அறுவைக்கான முறைகள் பிந்தியவை. 1863இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகள் பற்றிய தம் நூலின் மூன்றாம் பதிப்பில், அறுவைகளை ஒரே படிவத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். அது பரவலாக நடைமுறைக்கு வர அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. அமெரிக்க மருத்துவக் கழகம் 1966இல் சி.பி.டி. என்னும் நடைமுறைக் குறியீட்டை வெளியிட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் 1978இல் ஒரு பன்னாட்டு நடைமுறை வகைப்பாட்டை வெளியிட்டுப் பின் அதைத் தொடர்ந்து புதுப்பிக்கவில்லை.

இவற்றின் உள்ளமைப்பு நம் விரல் நுனிக்கு என்ன செய்கிறது என்பதைக் காண்பது பயனுடையது. சி.பி.டி.யில் விரல் துண்டிப்பைச் செய்து நேரடியாகத் தைத்தால் 26951. அண்டைத் தோல் மடலை முன்தள்ளி மூடினால் 26952. எந்தக் கணுவில் வெட்டினாலும் எண் மாறாது. எந்த விரல் என்பதைத் தனியே ஓர் ஒட்டுக்குறி காட்டும். மருத்துவரின் உழைப்புக்கு ஊதியம் தர எழுந்த முறையாதலால் உழைப்பின் வேறுபாடே அங்கு முதன்மை. அமெரிக்க மருத்துவமனைகளில் 2015 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஏழெழுத்துக் குறியீடு இதற்கு மாறானது. அதில் வலச் சுட்டுவிரலுக்கு ஓரெழுத்து, இடச் சுட்டுவிரலுக்கு வேறோர் எழுத்து. முதல் எலும்பில் துண்டித்தால் உயர்நிலை, நடு எலும்பிலாயின் இடைநிலை, நுனி எலும்பிலாயின் தாழ்நிலை. 1923 அட்டவணை கேட்கும் கேள்விகளுக்கு இம்முறை ஏறத்தாழ முழு விடை தருகிறது எனலாம்.

இக்குறியீடுகளை நாள்தோறும் கையாள்வோரில் பெருந்தொகையினர் சென்னையில் இருக்கின்றனர் என்பது ஒரு முரண். மருத்துவக் குறியீட்டு நிறுவனங்களில் பணிபுரியும் பட்டதாரி இளைஞர்கள், கும்மிடிப்பூண்டி மின்தொடரில் நகருக்கு வருவோர் உட்பட, ஏதோ ஓர் அமெரிக்க நோயாளியின் இடக்கை நான்காம் விரலைத் துல்லியமாகக் குறியிட்டுவிட்டு வீடு திரும்புகின்றனர். அதே தொடரில் கட்டுப்போட்ட கையோடு பயணம் செய்யும் தொழிலாளியின் விரலுக்கு அத்தகைய குறியீடு ஏதுமில்லை. இந்தியாவில் மரணக் காரணத்தை மருத்துவர் சான்றளிக்கும் முறை 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்வழி வேரூன்றியது. அறுவைக்கு அவ்வாறான பொதுக் கட்டாயம் தோன்றவில்லை.

காப்பீட்டுப் பட்டியல்களின் வருகை

2009 ஜூலை 23இல் 'உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு நான்காண்டுக் காலத்திற்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை அது ஏற்றது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பெற்று, 1,016 சிகிச்சை முறைகளையும் 113 தொடர் சிகிச்சைகளையும் 23 பரிசோதனைகளையும் பட்டியலிட்டது. 2018 செப்டம்பர் 23இல் ஒன்றிய அரசின் பிரதமர் மக்கள் நல மருத்துவத் திட்டத்தோடு இது இணைந்தது. அண்டை ஆந்திரத்தில் 2007 முதல் ஆரோக்கியஸ்ரீ நடைமுறையில் இருந்தமையால், ஆரம்பாக்கத்துக்கு வடக்கே வேறொரு பட்டியலும் வேறொரு பெயரிடலும் நிலவின. இருபுறமும் காயம் ஒன்றே.

இப்பட்டியல்களை வரலாற்று நோக்கில் விலைப்பட்டியல்கள் என்றே கொள்ள வேண்டும். மருத்துவமனை முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது தொகுப்பின் பெயரையும் குறியீட்டையும் தேர்ந்தெடுக்கிறது. காப்பீட்டு அமைப்பின் மருத்துவர் படங்களையும் குறிப்புகளையும் பார்த்து ஏற்கிறார் அல்லது மறுக்கிறார். எந்த விரல், எந்தக் கணு என்பது விலையை மாற்றாதவரை அதைப் பெயரில் சேர்க்கத் தேவையில்லை என்னும் தருக்கமே இங்குச் செயற்படுகிறது. மாறாக, ஒரே அமர்வில் பல அறுவைகள் செய்யப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு விரிவான விதி உண்டு. ஒன்றியத் திட்டத்தில் விலை மிகுந்த தொகுப்புக்கு முழுத்தொகை, இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால்பங்கு. நசிந்த கையில் காயத் துப்புரவு, எலும்புக்குக் கே-ஒயர், தசைநாண் தையல், தோல் மடல் ஆகிய நான்கும் ஒருசேர நிகழ்வது இயல்பு. எதை முதலாவதாக எழுதுவது என்பது அறுவையரங்குக்கு வெளியே காப்பீட்டுப் பிரிவு மேசையில் முடிவாகிறது. கவட்டுத் தோல் மடல் போன்றவற்றில் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் மடலைப் பிரிக்கும் இரண்டாம் அறுவை உண்டு. அதைத் தொடர்ச்சியாகக் கொள்வதா, புதிய அறுவையாகக் கொள்வதா என்பது வேறொரு வினா.

விலையே பெயரை ஆளும்போது பெயர் விலையை நோக்கிச் சாய்வதும் நேரும். 2008இல் தொடங்கிய தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தில் பீகார், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களில் தேவையற்ற கருப்பை நீக்க அறுவைகள் நிகழ்ந்ததாக 2012 அளவில் எழுந்த புகார்கள் இதன் கொடிய வடிவம். கைக்காயத்தில் இது அவ்வளவு வெளிப்படையாக நிகழ்வதில்லை. பட்டியலில் அண்மைப் பெயர் இல்லாத நுட்பமான மடலுக்குப் பதிலாக, பட்டியலில் உள்ள 'விரல் துண்டிப்பு' அல்லது 'தோல் ஒட்டு' என்னும் பெயரைத் தேர்ந்தெடுப்பதே இங்கு நேரக்கூடிய பிழை. இதில் மோசடி நோக்கம் இருக்க வேண்டியதில்லை. எனினும் காக்கப்பட்ட விரல் ஒன்று பதிவில் துண்டிக்கப்பட்ட விரலாகிவிடும். அல்லது துண்டிக்கப்பட்டது காக்கப்பட்டதாகிவிடும். பின்னதே தொழிலாளிக்குப் பேரிழப்பு, ஏனெனில் இழப்பீட்டு ஆணையர் முன் எதிர்த்தரப்பு அப்பதிவைக் காட்டி வாதிடலாம்.

ஒன்றியத் திட்டத்தின் பட்டியல் 2019இல் திருத்தப்பட்டபோது குறியீட்டின் அமைப்பும் மாறியது. துறையைக் குறிக்கும் ஈரெழுத்து, தொகுப்பைக் குறிக்கும் மூவெண், அதனுள் உள்ள முறையைக் குறிக்கும் ஓரெழுத்து என்று அது வடிவம் பெற்றது. பொது அறுவைக்கு எஸ்.ஜி., எலும்பியலுக்கு எஸ்.பி. என்பன துறையெழுத்துகள். 2022இல் வெளிவந்த பதிப்பில் முறைகளின் எண்ணிக்கை 1,949 ஆயிற்று. உலக நலவாழ்வு நிறுவனம் உருவாக்கிய புதிய தலையீட்டு வகைப்பாட்டோடு இப்பட்டியலைப் பொருத்தும் முயற்சியும் இக்காலத்திலேயே தொடங்கியது. இலக்கு, செயல், வழி என்னும் மூன்று அச்சுகளில் அவ்வகைப்பாடு ஓர் அறுவையை விவரிக்கிறது: எந்த உறுப்பில், என்ன செய்யப்பட்டது, எவ்வாறு. வலம், இடம் போன்ற நுட்பங்களைக் கூடுதல் குறிகளால் சேர்க்க அதில் இடமுண்டு. விலையை மையமாகக் கொள்ளாத ஒரு விளக்கம் இந்தியப் பொதுக் காப்பீட்டுப் பதிவுக்குள் நுழைவது இதுவே முதன்முறை எனக் கருதலாம்.

தமிழகத்தில் இதற்கிடையே காயத்தின் காரணமும் குறியீட்டுச் சிக்கலாயிற்று. 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியோருக்கு எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரத்திற்கு 81 சிகிச்சை முறைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வகை செய்தது. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் லாரி மோதிக் கை நசுங்கிய ஒடிசாத் தொழிலாளிக்கு இது பொருந்தும். சுற்றுச்சுவருக்கு உள்ளே உருளையில் கை நசுங்கியவருக்குப் பொருந்தாது, அவர் ஈ.எஸ்.ஐ. அட்டையோ, அஃதில்லையெனில் முதலாளியின் பொறுப்போ தேட வேண்டும். விபத்துப் பதிவேட்டில் 'எவ்வாறு நேர்ந்தது' என்னும் கட்டத்தில் எழுதப்படும் ஒரு வரி, அறுவைக்கு முன்பே அதன் கணக்கை முடிவு செய்துவிடுகிறது. அவ்வரியைச் சொல்பவர் பெரும்பாலும் காயம்பட்டவர் அல்லர், அவரைக் கொண்டுவந்து சேர்த்த மேற்பார்வையாளர். நோயாளியின் மொழி இந்தியோ ஒடியாவோ ஆகவும் எழுதுபவரின் மொழி தமிழாகவும் உள்ள நிலையில் இது எளிதில் திருத்தப்படுவதுமில்லை.

சரியான குறியீடு எது?

மேற்கண்டவற்றிலிருந்து, 'சரியான குறியீடு' என்பதற்குக் காலந்தோறும் பொருள் மாறி வந்துள்ளமை புலனாகிறது. 1923இன் நோக்கில் இழப்பைச் சரியாக அளப்பது சரி. 2009க்குப் பின் வந்த நோக்கில் செய்த பணிக்குரிய விலையைக் கோருவது சரி. 2022இன் பொருத்தல் முயற்சியில் செயலை உள்ளவாறு விவரிப்பது சரி. மூன்றுக்கும் மூலச் சான்று ஒன்றே: அறுவை மருத்துவர் கையால் எழுதிய குறிப்பு. அக்குறிப்பில் எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு, எலும்பு எவ்வளவு போயிற்று, அது பொறியால் போயிற்றா நறுக்கப்பட்டதா, மூடிய முறை என்ன என்னும் ஆறு செய்திகளும் இருந்தால் மூன்று பட்டியல்களுக்கும் விடை கிடைக்கும். பட்டியலைப் பார்த்துக் குறிப்பு எழுதும் பழக்கமே இன்று வலுப்பெற்று வருகிறது. அது தலைகீழ் முறை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

வரலாற்றாய்வாளர்க்கு இதனால் ஓர் எச்சரிக்கை உண்டு. காப்பீட்டுத் தரவுகளில் 'விரல் துண்டிப்பு' என்னும் தொகுப்பின் எண்ணிக்கையைக் கொண்டு இப்பகுதியில் இழந்த விரல்களை எண்ணிவிட இயலாது. நீரிழிவால் அழுகிய கால்விரலும் பிரஸ்ஸில் சிக்கிய கைவிரலும் ஒரே பெயரின்கீழ்ச் சேரக்கூடும், ஈ.எஸ்.ஐ. வழியே சென்றோர் அத்தரவில் இரார். முதலாளி தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி முடித்த வழக்குகள் எத்தரவிலும் இரா. தொழிற்சாலைகள் சட்டப்படி 48 மணி நேரத்துக்கு மேல் பணிக்கு வர இயலாத விபத்தை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. அவ்வறிவிப்புகளையும், இழப்பீட்டு ஆணையர் தீர்ப்புகளையும், மருத்துவமனை விபத்துப் பதிவேடுகளையும் ஒப்பிட்டே ஓரளவு உண்மையை நெருங்கலாம். 2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின், முன்பு ஸ்டான்லிப் பதிவேட்டுக்குச் சென்ற காயங்களில் ஒரு பகுதி மாவட்டத் தலைநகரிலேயே பதிவாகின்றன. ஆகவே 2022க்குப் பின் ஸ்டான்லிப் பதிவேட்டில் கும்மிடிப்பூண்டிக் காயங்கள் குறைந்து காணப்பட்டால், அதைத் தொழிற்கூடங்கள் பாதுகாப்பாகிவிட்டதன் சான்றாகக் கொள்வதற்கு முன் திருவள்ளூர்ப் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.